குணமானவர்களின் கோப்பை மூடிவிடாதீர்கள்

2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, எப்போதோ குணமாகி வீடு திரும்பிவிட்ட பெண்களைத் தேடத் தொடங்கியது. அவர்கள் அனைவருக்கும் இளம் வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வந்திருந்தது. கழுத்திலும் மார்பிலும் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டு, நோய் நீங்கியிருந்தது. அவர்களைத் தேடிப் பிடித்து அரசு சொல்ல வேண்டியிருந்த செய்தி எளிதானதல்ல: அன்று உங்கள் உயிரைக் காத்த கதிர்வீச்சால் இன்று உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடக் கூடியிருக்கிறது, வந்து மருத்துவரிடம் பேசுங்கள், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரண வேலையல்ல. முகவரி மாறியிருக்கும். மணமாகிப் பெயர் மாறியிருக்கும். சிகிச்சை கொடுத்த மருத்துவர் ஓய்வுபெற்றிருப்பார். ஆனாலும் அங்கே தேடத் தொடங்க ஓர் இடம் இருந்தது. யாருக்கு, எந்த ஆண்டில், உடலின் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தோம் என்ற குறிப்புகள் பெரும்பாலும் கையில் இருந்தன. பின்னர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1956 முதல் 2003 வரை, 36 வயதுக்குள் இத்தகைய சிகிச்சை பெற்ற 5,002 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வே வெளியிட முடிந்தது. மார்பகப் புற்றுநோய் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிட 5 மடங்கு இருந்தது. பூப்பெய்தும் பருவத்தில், 14 வயதை ஒட்டிச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது ஏறக்குறைய 47 மடங்கு.

இப்படி ஒரு தேடலை நாளை தமிழ்நாட்டில் தொடங்கினால் நம் கையில் என்ன இருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்போது கதிர்வீச்சுச் சிகிச்சையில் இருப்பவரோ, நாளை தொடங்கவிருப்பவரோ இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. கண் முன்னே இருக்கும் புற்றுநோய் இன்று கொல்லக்கூடியது. இரண்டாவது புற்றுநோய் பெரும்பாலோருக்கு வராமலே போகக்கூடியது. மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த பெண்களை வைத்து நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் 10 ஆண்டுகளுக்குள் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 சதவீதம். 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 25 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. அதாவது நூறு பேருக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் நான்கு உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கணக்கையும் பார்க்கலாம். அதே 2011-இல் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து 6,47,672 வயதுவந்த நோயாளிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்தவர்கள் இவர்கள். ஏறத்தாழ 9 சதவீதம் பேருக்குப் பின்னர் வேறொரு புற்றுநோய் வந்தது. ஆனால் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு வந்த இரண்டாம் புற்றுநோய்களில் கதிர்வீச்சின் மேல் பழி போடத்தக்கவை சுமார் 8 சதவீதம் மட்டுமே. ஆயிரம் பேர் கதிர்வீச்சு பெற்றால், 15 ஆண்டுகளில் அதனால் கூடுதலாக வருவது ஏறத்தாழ ஐந்து புற்றுநோய்கள். மீதமுள்ளவற்றுக்குக் காரணம் வயது, புகையிலை, மரபணு போன்றவை. அறுபது வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறும் ஒரு பெண் இரண்டாம் புற்றுநோயை நினைத்து உறக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பை, மலக்குடல் அறிகுறிகளைப் பல ஆண்டுகள் கழித்தும் அலட்சியப்படுத்தாமல் இருந்தால் போதும்.

எனவே சராசரி நோயாளிக்கு அபாயம் சிறியது. ஆனால் சராசரிக்குள் மறைந்துபோகும் ஒரு கூட்டம் இருக்கிறது. குழந்தைகள், பதின்வயதினர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள், பிறவியிலேயே சில மரபணுப் பிழைகளைச் சுமந்து வந்தவர்கள். இவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இவர்களைப் பற்றித்தான் நாம் பேசாமல் இருக்கிறோம்.

இந்த அபாயம் எப்படி உருவானது என்பதற்கு ஹாட்ஜ்கின் நோயின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த நோய் என்றாலே மரணம் என்றுதான் பொருள். 1950-இல் டொரண்டோவைச் சேர்ந்த வேரா பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், தொடக்க நிலையில் இருக்கும் நோயாளிகளுக்குக் கதிர்வீச்சைத் துணிந்து கொடுத்தால் அவர்களில் பலர் குணமடைகிறார்கள் என்று எழுதினார். அக்காலத்தில் பலர் அதை நம்பவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லன் நம்பினார். 1956-இல் அங்கே மருத்துவத்துக்கான லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கதிர்வீச்சு இயந்திரம் இயங்கத் தொடங்கியதும், கழுத்து, அக்குள், நெஞ்சின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் சேர்த்து ஒரே பரப்பாக்கி அதில் கதிரைப் பாய்ச்சும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். தோளிலிருந்து நெஞ்சுவரை போர்த்திய சால்வை போன்ற வடிவம் கொண்டது அந்தப் பரப்பு. கொடுத்த அளவும் பெரிது. கதிரை அளக்கும் அலகான கிரே கணக்கில் சுமார் 40. கல்லூரி வயதில் சாக வேண்டியிருந்தவர்கள் பிழைத்தார்கள். புற்றுநோய் மருத்துவத்தின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று அது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பரப்புக்குள் நோயாளியின் நுரையீரலும் தைராய்டும் மார்பகத் திசுவும் இருந்தன. அவை காட்டிய விளைவு தெரியக் காலம் பிடித்தது. பழைய கீமோதெரபி மருந்துகளால் வந்த ரத்தப் புற்றுநோய்கள் முதலில், சில ஆண்டுகளிலேயே தெரிந்தன. திடக்கட்டிகள் அப்படி வருவதில்லை. பத்தாண்டுகள் சத்தமில்லாமல் போகும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எண்ணிக்கை ஏறும். 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் ஹாட்ஜ்கின் நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் 40 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு 35 சதவீதம் என்று கணித்து மருத்துவ உலகை உலுக்கியது. பிறகு வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் சுட்டின. இளம் வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு 50 வயதுக்குள் உள்ள அபாயம், பிஆர்சிஏ1 மரபணுப் பிழையோடு பிறந்த பெண்ணின் அபாயத்துக்கு நிகரானது. மரபணுப் பிழை உள்ளவரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். கதிர்வீச்சு பெற்றவரோ, தன் அபாயமே தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

நெதர்லாந்தில் 1965 முதல் 2000 வரை சிகிச்சை பெற்ற 3,905 ஹாட்ஜ்கின் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வந்தது. 40 ஆண்டுகள் கழியும்போது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, துல்லியமாகச் சொன்னால் 48.5 சதவீதம் பேருக்கு, இரண்டாவதாக ஒரு புற்றுநோய் வந்திருக்கும் என்று அது கண்டது. ஐந்தாண்டுகள் நோய் திரும்பவில்லை என்றால் 'முழுக் குணம்' என்று வாழ்த்தி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் நோயைப் பொறுத்தவரை அது சரியே. அபாயம் தலைதூக்கும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். கதிர், செல்லின் டிஎன்ஏவில் உள்ள இரு இழைகளையும் ஒருசேர அறுக்கிறது. புற்றுச் செல் அந்தப் பழுதைச் சரிசெய்ய முடியாமல் மடிகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களும் அடிபடும். ஆனால் பெரும்பாலானவை அறுந்ததை ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும், சில செத்துப்போகும். தவறாக ஒட்டிக்கொண்டும் சாகாமல் பிழைத்திருக்கும் செல்தான் பின்னாளில் ஆபத்து. தைராய்டு சுரப்பியில் இதைத் தெளிவாகக் காணலாம். குழந்தைப் பருவத்தில் தைராய்டில் விழும் கதிரின் அளவு சுமார் 20 கிரே ஆகும்வரை புற்றுநோய் அபாயம் ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தாண்டினால் குறைகிறது. செல்கள் முழுதாகச் செத்துவிடுவதால், கெட்டுப்போக எதுவும் மிஞ்சுவதில்லை. மார்பகம் அப்படியில்லை. 40 கிரேக்கு மேலும் அபாயம் குறையக் காணோம். அந்த அளவு பெற்ற மார்பகப் பகுதியில் புற்றுநோய் வாய்ப்பு 8 மடங்கு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதிர்வீச்சோடு, சினைப்பையைச் செயலிழக்கச் செய்யும் பழைய கீமோ மருந்துகளையும் பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக வந்தது. இளமையிலேயே மாதவிடாய் நின்றதால் ஹார்மோன் தூண்டுதல் நின்றது. கெட்ட செல்கள் வளரத் தூண்டுதல் கிடைக்கவில்லை. இன்றைய மருந்துகள் சினைப்பையைக் காக்கின்றன. தாய்மை வாய்ப்பைக் காக்கும் அந்த நல்ல மாற்றம், மார்பகத்தைக் கண்காணிக்க வேண்டிய தேவையைக் கூட்டியிருக்கிறது. மருத்துவத்தில் ஒரு நன்மையைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இரண்டாம் புற்றுநோயைப் பழைய நோய் திரும்பியதாகவே நம் வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். 'மறுபடியும் வந்துடுச்சு' என்று சொல்லிச் சிகிச்சையே வேண்டாம் என்று சோர்ந்துவிடுவோரும் உண்டு. இரண்டும் வேறு. 1948-லேயே நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் வில்லியம் கேஹன் குழுவினர், கதிர்வீச்சுக்குப் பிறகு எலும்புப் புற்று வந்த 11 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கான அளவுகோல்களை வகுத்தார்கள். புதிய கட்டி, கதிர் பட்ட இடத்தில் இருக்க வேண்டும். இடையே பல ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முதல் நோயிலிருந்து வேறுபட்ட திசுவாக இருப்பது பயாப்ஸியில் உறுதிப்பட வேண்டும். அந்த அளவுகோல்களின் சாரம் இன்றும் பயன்படுகிறது. புதிதாக வந்த புற்றுநோய் தொடக்க நிலையில் பிடிபட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. அதனால்தான் தெரிந்திருப்பது உயிர்காக்கும் செய்தியாகிறது.

தெரியாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இஸ்ரேல் ஓர் எடுத்துக்காட்டு. 1948 முதல் 1960 வரை அங்கே குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தலையில் வரும் படர்தாமரைக்காகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மாத்திரை வராத காலம் அது. வட ஆப்பிரிக்கா, மேற்காசிய நாடுகளிலிருந்து வந்த குழந்தைகளே மிகுதி. மூளைக்குப் போன அளவு சராசரியாக 1.5 கிரே, புற்றுநோய்க்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 1974-இல் பாருக் மோடன் என்ற மருத்துவர் சுமார் 11,000 பேரின் விவரங்களைத் திரட்டி, இவர்களிடம் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாக இருப்பதை வெளியிட்டார். பின்னர் நடந்த ஆய்வில் மூளை உறையில் தோன்றும் கட்டிகள் மட்டும் ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தன. பாதிக்கப்பட்டோர் போராடினார்கள். 1994-இல் அவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சட்டமே வந்தது. மோடனுக்கு அந்த ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம், கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் அழியாமல் இருந்ததுதான்.

நம்மிடம் அத்தகைய பட்டியல் இருக்கிறதா?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை மருத்துவர் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் தினமும் வந்து, சில நிமிடங்கள் படுத்து எழுந்து, வீட்டுக்குப் போகிற சிகிச்சை. அந்த நோயாளி 'உள்நோயாளி' என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டார். மூன்றாண்டு முடிவதற்குள் வெளிப்படும் கதிர்வீச்சுத் திடக்கட்டி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பத்தாண்டுக்குப் பின் தொடங்கி நாற்பதாண்டு நீளும் ஓர் அபாயத்துக்கு மூன்றாண்டுக் கோப்பு எந்த வகையிலும் உதவாது. சில பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் விதியைப் பொருட்படுத்தாமல் நெடுங்காலம் குறிப்புகளைக் காத்துவருகின்றன என்பது உண்மை, பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு மாநிலத்தின் நோயாளிகளுடைய பாதுகாப்பு, சில நிறுவனங்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இது எங்கோ நடக்கும் கதையல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் மூளையுறையில் ஒளிந்துகொண்டு திரும்பி வரும். 1960-களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், செயின்ட் ஜூட் மருத்துவமனையின் டொனால்ட் பிங்கல், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்து அந்த வழியை அடைத்தார். பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அதுவரை பிழைத்தவர்கள் அரிது. உலகமே அந்த வழியைப் பின்பற்றியது. இந்தியாவில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்துடன் சேர்ந்து எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. வசதி குறைந்த நாட்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய முறை அது. அதிலும் தலைக்குக் கதிர்வீச்சு உண்டு. அன்று சென்னையில் அந்தச் சிகிச்சை பெற்றுப் பிழைத்த குழந்தைகள் இன்று முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் மூளை உறைக் கட்டியும் தைராய்டு கட்டியும் பல பத்தாண்டுகளுக்குப் பின் தோன்றுவதை அமெரிக்காவின் குழந்தைப் பருவப் புற்றுநோய் ஆய்வு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. நாள்பட்ட தலைவலியோடு நம் ஊர் கிளினிக்குக்கு ஒருவர் போகும்போது, சிறுவயதில் தலைக்குக் 'கரண்ட் வைத்த' செய்தியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? மருத்துவருக்குக் கேட்கத் தோன்றுமா?

அதே செயின்ட் ஜூட் மருத்துவமனையே, பின்னாளில் தலைக் கதிர்வீச்சை முழுவதும் கைவிட்டு 498 குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து, 90 சதவீதத்துக்கு மேல் உயிர்வாழ்வதை 2009-இல் வெளியிட்டது. தான் கண்ட தீர்வைத் தானே மாற்றிக்கொள்ள முடிந்தது, பழைய நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்ததால்தான். பின்தொடராத நாடு தன் சிகிச்சையின் நீண்டகாலப் பலனையும் பாதிப்பையும் அயல்நாட்டு ஆய்வுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும்.

விழித்திரைப் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவில் அபாயம் இன்னும் கூர்மையானது. ஆர்பி1 மரபணுப் பிழையோடு பிறக்கும் குழந்தைக்கு வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு இயல்பிலேயே கூடுதல். கண்ணுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தால் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பிலும் தசையிலும் சார்கோமா என்னும் புற்று வரும் ஆபத்து மேலும் ஏறுகிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் பின்தொடர்ந்தபோது, மரபுவழி நோய் இருந்து கதிர்வீச்சும் பெற்றவர்களில் 50 ஆண்டுகளில் 38 சதவீதம் பேருக்கு இன்னொரு புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 21 சதவீதம். இந்த ஆபத்தைக் கண்ட பிறகுதான் 1990-களில் கண் மருத்துவர்கள் முதலில் கீமோ, பிறகு லேசர் என்று வழியை மாற்றினார்கள். சென்னையும் மதுரையும் இந்நோய்க்கு நாடெங்குமிருந்து குழந்தைகள் வந்து சேரும் ஊர்கள். அந்த மாற்றத்துக்கு முன் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகள் இப்போது நடுவயதில் இருப்பார்கள்.

இன்றைய சிகிச்சை அன்றையதைவிடப் பாதுகாப்பானதுதான். ஹாட்ஜ்கின் நோயின் அபாயம் குறைந்த தொடக்க நிலைக்கு இரண்டு சுற்றுக் கீமோவும் 20 கிரே கதிர்வீச்சும் போதும் என்று ஜெர்மானிய ஆய்வு 2010-இல் காட்டியது. சால்வை அகலத்துக்குப் பாய்ச்சிய கதிர் இன்று நோய் இருந்த கணுக்களைச் சுற்றி மட்டும் பாய்கிறது. பெட் ஸ்கேன் தெளிவாக இருந்தால் கதிர்வீச்சையே தவிர்க்கலாமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டுவிட்டது. தவிர்த்தால் நோய் திரும்புவது சற்றுக் கூடுகிறது என்பது அதற்குக் கிடைத்த விடை. யாருக்குத் தவிர்க்கலாம் என்பதை வயது, பாலினம், நோய் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது 1970-களில் 77 சதவீதமாக இருந்து 1990-களில் 33 சதவீதமாகக் குறைந்தபோது, 15 ஆண்டுகளில் இரண்டாம் புற்றுநோய் வரும் விகிதமும் 2.1-லிருந்து 1.3 சதவீதமாக இறங்கியது.

இதில் அவசரப்பட்டு நிம்மதி அடையவும் கூடாது. நான் மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வில், 1989 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களின் மொத்த அபாயம் அதற்கு முந்தைய தலைமுறையைவிடக் குறையவில்லை. நம் மருத்துவமனைகளில் விளம்பரப்படுத்தப்படும் ஐஎம்ஆர்டி முறை, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைக் குவிக்கிறது. அதே வேளையில், பல திசைகளிலிருந்து வருவதால் உடலின் பெரும்பகுதி சிறு அளவுக் கதிரில் நனைகிறது. முதியவருக்கு இது பொருட்டல்ல. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருட்டே. கட்டியைத் தாண்டிப் பாயாமல் அங்கேயே நின்றுவிடும் புரோட்டான் கதிர் இதற்கு ஒரு தீர்வு. தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019-இல் சென்னையில்தான் திறக்கப்பட்டது. அதன் செலவு எத்தனை குடும்பங்களுக்கு எட்டும்? அரசு மருத்துவமனையில் கோபால்ட் இயந்திரத்தின் கீழ் படுத்த குழந்தையும் நீண்டகாலம் வாழப்போகும் குழந்தைதான். அக்குழந்தைக்கு நாம் தரக்கூடிய மலிவான பாதுகாப்பு, ஒரு தாளில் எழுதித் தரும் குறிப்பும், தவறாத கண்காணிப்பும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? எந்த நோய், எந்தத் தேதிகளில் சிகிச்சை, உடலின் எந்தப் பகுதியில், எத்தனை கிரே, எத்தனை அமர்வுகள், எந்த இயந்திரம், கூடவே என்னென்ன கீமோ மருந்துகள், எத்தனை அளவு. அடுத்து, எந்த வயதிலிருந்து என்ன பரிசோதனை. இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. இளம் வயதில் மார்பில் 10 கிரே அல்லது அதற்கு மேல் பெற்ற பெண்ணுக்கு, 25 வயதிலோ சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகளிலோ, இரண்டில் எது பிந்தியதோ அப்போதிருந்து ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்ஆர்ஐயும் தேவை என்று அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். பொதுவாக 40 வயதில்தான் மேமோகிராம் பற்றிய பேச்சே தொடங்கும். 18 வயதில் சிகிச்சை பெற்றவர் 40 வரை காத்திருந்தால் பலருக்குக் காலம் கடந்திருக்கும். சிறுவயதில் அடிவயிற்றில் கதிர்வீச்சு பெற்றவருக்கு 30 வயதிலிருந்தே பெருங்குடல் பரிசோதனை தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி இவற்றைத் திருத்திக்கொள்வது நம் மருத்துவர்களால் முடியாத வேலையல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கென்றே 1991-லிருந்து தனி கிளினிக் நடத்திவருகிறது.

'சொன்னால் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுவார்களே' என்று கேட்கும் மருத்துவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. நோய் என்ன என்று தெரிந்த அன்றே, அதிர்ச்சியில் இருக்கும் பெற்றோரிடம் முப்பதாண்டுக்குப் பின் வரும் ஆபத்தை விரிவாகச் சொல்வது பலன் தராமல் போகலாம். ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சிகிச்சை முடியும் நாளில் உட்காரவைத்து முழுவதையும் விளக்க வேண்டும். குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது, பெற்றோரிடம் அல்ல, அந்த இளைஞரிடமே, அந்தப் பெண்ணிடமே மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும்.

இதில் குடும்பங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பெண்பிள்ளைக்குப் புற்றுநோய் இருந்தது தெரிந்தால் வரன் அமையாது என்ற அச்சத்தில் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறோம். சில வீடுகளில் கிழித்தே எறிந்துவிடுகிறார்கள். மூன்று வயதில் சிகிச்சை பெற்ற பிள்ளையிடம் அவளுக்கு என்ன நோய் இருந்தது என்பதையே சொல்லாமல் வளர்க்கும் பெற்றோரும் உண்டு. அந்த மறைப்புக்குப் பின்னால் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 28 வயதில் மார்பில் ஒரு கட்டி தென்படும்போது, 'இந்த வயசுல ஒண்ணும் இருக்காது' என்று தட்டிக்கழிக்கப்படுவதற்கு அந்த மறைப்பே வழிவிடும். அவள் உடலின் வரலாறு அவளுக்குச் சொந்தம்.

அரசு செய்ய வேண்டியது என்ன? தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்து, பரிசோதனை முதல் பிரசவம், தடுப்பூசிவரை தொடர்கிறோம். கடைக்கோடிக் கிராமத்துச் செவிலியர்வரை அந்த எண்ணைக் கேட்கிறார். ஆண்டுக்குப் பல லட்சம் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தெரிந்த மாநிலம், குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் கதிர்வீச்சு பெறும் ஒரு சிறு கூட்டத்தைப் பின்தொடர முடியாது என்று சொல்ல முடியாது. 30 வயதுக்குள் கதிர்வீச்சு பெறும் ஒவ்வொருவருக்கும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், நிரந்தர எண்ணும் நிரந்தரப் பதிவும் வேண்டும். அந்தக் குறிப்புகளை நோயாளியின் ஆயுள்வரை காக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அதன் பின்விளைவைக் கண்காணிக்கும் மேமோகிராமும் எம்ஆர்ஐயும் அதே சிகிச்சையின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டு, திட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட வேண்டும்.

புகையிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோய்க்கு இன்றைய முறையில் கதிர்வீச்சு பெறுபவர்களில், நெடுங்காலம் புகைத்து, புகைப்பதைத் தொடர்பவருக்கு அந்தக் கதிர்வீச்சால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் சுமார் 4 சதவீதம், புகைக்காதவருக்கு 0.3 சதவீதம். கதிர்வீச்சு பெற்ற எவருக்கும், எந்தப் புற்றுநோய்க்குப் பெற்றிருந்தாலும், பீடியையும் சிகரெட்டையும் விடுவதைவிடப் பெரிய தற்காப்பு எதுவுமில்லை. நிறுத்தும் நாள் எதுவானாலும் லாபமே.

விதிகள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களோ உங்கள் பிள்ளையோ எப்போதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தால், சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, எந்தப் பகுதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று அந்த 2002-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கிடைத்ததும் நகல் எடுத்து ஆதார், ரேஷன் அட்டையோடு வையுங்கள். செல்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும். இனி எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், அதை எடுத்துக் காட்டுங்கள்.